சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் பயணம்: உண்மையில் எவ்வளவு செலவாகும்? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் குடும்பங்கள் புக் பண்ணும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கப்பல் புதுசு இல்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என நிலக்கரியும் கண்டெய்னரும் காரும் ஏற்றி இறக்கும் கப்பல்கள் இந்தக் கடற்கரையில் தினமும் வந்து போகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தயாராகும் பொருட்களும் கப்பல் ஏறுகின்றன. ஆனால் குடும்பத்தோடு கப்பலில் ஏறி ரெண்டு நாள் ஜாலியா இருந்துட்டு வர்றது? அதுதான் புதுசு.

"ஒருவருக்கு இவ்வளவு ரூபாய்தான்" என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. அந்தத் தொகையை மட்டும் நம்பி புக் செய்தால், திரும்பி வரும்போது பட்ஜெட் எகிறிவிடும். கப்பல் பயணத்தில் எதற்கெல்லாம் பணம், எதற்கெல்லாம் கவனம் தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தக் கப்பல்? எப்போது தொடங்கியது?

சென்னையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் சேவையை 2022 ஜூன் 4-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 1990-ல் கட்டப்பட்ட இந்தக் கப்பல், முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்தது. நீளம் சுமார் 211 மீட்டர். 11 தளங்கள், சுமார் 800 அறைகள்.

கடலுக்குள் போய்விட்டு கரையில் எங்கும் இறங்காமல் சென்னைக்கே திரும்பும் 2 இரவு பயணம், விசாகப்பட்டினம் வரை போகும் நீண்ட பயணம் என அப்போது இரண்டு வகை அறிவிக்கப்பட்டன. அடுத்து 2023 ஜூனில் இலங்கைப் பயணம் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, யாழ்ப்பாணம் அருகே உள்ள காங்கேசன்துறை ஆகியவை அதில் இடம்பெற்றன. சென்னைத் துறைமுகத்தில் சுமார் 17 கோடி ரூபாயில் அமைந்த சர்வதேச பயணிகள் முனையமும் அப்போதுதான் திறக்கப்பட்டது.

வழித்தடமும் தேதியும் ஒவ்வொரு சீசனுக்கும் மாறும். அதனால் பழைய வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. அந்தந்த ஆண்டின் அட்டவணையை நிறுவனத்தின் தளத்தில் செக் பண்ணுங்க.

ஏன் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும்?

காரணம் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மும்பை, கோவா பக்கம் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களில் கப்பலை கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டு வருகிறார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வங்கக்கடலில் புயல் சீசன். கப்பல் மீண்டும் மேற்குக் கடற்கரைக்குப் போய்விடும்.

தொழிற்பேட்டைக் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு மே மாதம். கம்பெனி போனஸ் கைக்கு வருவது தீபாவளி நேரத்தில். கப்பல் சென்னையில் இருப்பதோ இந்த ரெண்டுக்கும் நடுவில். ஆக, போனஸ் பணத்தில் போக நினைப்பவர்கள் அந்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு ஜூன், ஜூலைக்குத் திட்டமிடுவதே வசதி. அவசரப்பட்டு கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில் போகத் தேவையில்லை.

டிக்கெட் விலை வேறு, மொத்தச் செலவு வேறு

விளம்பரத்தில் வரும் 'ஒருவருக்கு' என்ற தொகை, பொதுவாக ஒரு அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். தனியாகப் போனால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் தங்கினால் பல நேரங்களில் சலுகை உண்டு. இதை முதலிலேயே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

அந்தத் தொகையோடு வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான சர்வீஸ் கட்டணம் ஆகியவை சேரும். கப்பலுக்குள் போன பிறகு தனிச் செலவு.

ஓர் உதாரணக் கணக்கு. இது நிஜக் கட்டணம் அல்ல, கணக்கு புரிவதற்காக மட்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். விளம்பரத்தில் ஒருவருக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவருக்கு 40,000. சலுகை போக பிள்ளைகள் இருவருக்கு 20,000. ஆக 60,000. வரி, துறைமுகக் கட்டணம், சர்வீஸ் கட்டணம் சேர்ந்து 12,000. வைஃபை, போட்டோ, கூல்டிரிங்ஸ், ஒரு வேளை ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட் என உள்ளே 6,000. வீட்டிலிருந்து போக வர 2,000. மொத்தம் 80,000 ரூபாய். டிக்கெட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகிவிட்டது, பார்த்தீங்களா?

அதனால் புக் பண்ணும்போது "ஒருவருக்கு எவ்வளவு?" என்று கேட்காமல், "எங்க குடும்பத்துக்கு எல்லாம் சேர்த்து கடைசித் தொகை எவ்வளவு?" என்று கேளுங்க. அதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

எது இலவசம், எதற்குக் காசு?

பொதுவாக டிக்கெட்டில் சேர்ந்திருப்பவை: தங்கும் அறை, முக்கிய உணவகங்களில் மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், பெரும்பாலான மேடை நிகழ்ச்சிகள், பிள்ளைகள் விளையாடும் இடம். சைவம், அசைவம் இரண்டும் கிடைக்கும்.

பொதுவாகத் தனிக் கட்டணம்: மதுபானம், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஸ்பா, வைஃபை, கப்பலின் போட்டோகிராபர் எடுக்கும் படங்கள், துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றும் டூர், கேசினோ.

கப்பலுக்குள் பெரும்பாலும் கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. அறைச் சாவியாகத் தரும் கார்டைக் காட்டினால் கணக்கில் ஏறிவிடும். வசதிதான், ஆனால் எவ்வளவு போகுதுன்னே தெரியாது. தினமும் ராத்திரி ஒருமுறை ரிசப்ஷனில் கணக்கைக் கேட்டுப் பாருங்க. பிள்ளைகளின் கார்டில் செலவு செய்யும் வசதியை நிறுத்திவைக்க முடியுமா என்றும் கேளுங்க.

எந்த அறை எடுக்கலாம்?

ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. அடுத்து கடல் தெரியும் ஜன்னல் அறை, அதற்கு மேல் பால்கனி அறை, சூட். 2 இரவு பயணத்தில் அறைக்குள் இருக்கும் நேரம் குறைவு. தூங்க மட்டும்தான் என்றால் உள் அறையே போதும். வயதானவர்கள் கூட வந்தால் ஜன்னல் அறை நல்லது. லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அறை கேளுங்க.

தலைசுற்றல், வாந்தி வருமோ என்ற பயம் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்பது நல்லது. அங்கே ஆட்டம் குறைவு. மாத்திரை என்றால் வாந்தி வந்த பிறகு அல்ல, முன்கூட்டியே போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கோங்க. வெறும் வயிற்றில் இருக்காமல், திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பதும் உதவும்.

என்னென்ன ஆவணங்கள் தேவை?

இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கணும். இனிஷியல் குழப்பம் நம் ஊரில் அதிகம் என்பதால் புக் செய்யும்போதே அட்டையைப் பார்த்துப் பெயரை அடிங்க.

இலங்கை போகும் பயணம் என்றால் பாஸ்போர்ட் கட்டாயம். குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும்படி இருக்க வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் முன் மறுபடியும் உறுதி செய்யுங்க. புதிதாக பாஸ்போர்ட் எடுக்க சாதாரண முறையில் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். நால்வர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வரை ஆகும். போலீஸ் விசாரணைக்கும் நேரம் எடுக்கும். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு கப்பல் டிக்கெட் எடுப்பதே பாதுகாப்பு.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்குக் கப்பல் நிறுவனங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்க.

துறைமுகத்துக்கு எப்படிப் போவது?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கமிருந்து எண்ணூர் சாலை வழியாகக் காரில் போகலாம் என்று தோன்றும். ஆனால் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் சாலையில் துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்கள் உண்டு. அதில் மாட்டினால் செக்-இன் நேரம் தவறும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

லக்கேஜ் குறைவாக இருந்தால் புறநகர் ரயில் நல்ல வழி. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயில்கள் உள்ளன. சில ரயில்கள் சென்னை கடற்கரை வரை போகும். துறைமுகம் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரேதான். எந்த நுழைவாயில் என்பது டிக்கெட்டில் இருக்கும். அங்கிருந்து ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, செக்-இன் முடியும் நேரம் வேறு. சில மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும்.

ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் கப்பல் திரும்பும் அன்றைக்கு நைட் ஷிப்ட் போட்டுக்கொள்ள வேண்டாம். வானிலையாலோ இறங்கும் வரிசையாலோ தாமதம் ஆகலாம்.

செல்போன் வேலை செய்யுமா?

கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடும். அதன் பிறகு போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்தால் ரோமிங் கட்டணம் ஷாக் அடிக்கும். ஏறியதும் ஏரோபிளேன் மோடுக்கு மாத்திடுங்க. தேவைப்பட்டால் கப்பலின் வைஃபை பேக்கேஜ் வாங்கலாம். இன்டர்நெட் இல்லாமல் ஜிபே, போன்பே எடுக்காது. கார்டும் கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். கம்பெனியிலும் வீட்டிலும் "ரெண்டு நாள் போன் எடுக்காது" என்று சொல்லிட்டுப் போங்க.

பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்காதீங்க

இந்த மாவட்டம் மறக்க முடியாத நாள் 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டில் படகில் சுற்றிப் பார்க்கச் சென்ற 22 பேர் படகு கவிழ்ந்து உயிரிழந்தனர். தண்ணீரில் உல்லாசப் பயணம் என்றாலே இங்கு பலருக்குப் பயம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

பெரிய கப்பலில் நிலைமை வேறு. உயிர்காக்கும் படகுகள், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், பயிற்சி பெற்ற ஊழியர்கள் கட்டாயம். ஆனாலும் பெரிய கப்பலும் விபத்துக்கு விலக்கல்ல. 2012 ஜனவரி 13-ம் தேதி இத்தாலி அருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். அதில் புதிதாக ஏறிய பயணிகள் பலருக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சியே நடக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதி மாறியது. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்கு இந்தப் பயிற்சி நடத்தியாக வேண்டும்.

எனவே அறிவிப்பு வந்ததும் பஃபேயை விட்டுட்டு எழுந்து போங்க. ஆபத்து நேரத்தில் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அறைக் கதவிலோ உங்கள் கார்டிலோ இருக்கும். ஏழு குறுகிய ஒலி, அடுத்து ஒரு நீண்ட ஒலி. இதுதான் அவசர எச்சரிக்கை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைங்க. சின்னப் பிள்ளைகளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் அறையில் இல்லையென்றால் ஊழியர்களிடம் கேட்டு வாங்குங்க. பால்கனியிலும் நீச்சல் குளத்திலும் அவர்களைத் தனியாக விடாதீங்க.

சொன்ன ஊருக்குக் கப்பல் போகவில்லை என்றால்?

இதுவும் நடந்திருக்கிறது. 2022 ஜூனில் புதுச்சேரி கடல் பகுதிக்கு வந்த இதே கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பயணிகளை இறக்காமலே அது சென்னைக்குத் திரும்பியது. மோசமான வானிலையாலும் ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கலாம். வழித்தடத்தை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று கப்பல் நிறுவனங்கள் விதிமுறைகளில் எழுதியிருப்பது வழக்கம். பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், நாமே ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பகுதியை மட்டுமாவது படிச்சிட்டு பணம் கட்டுங்க.

ஏமாற்றப்பட்டால் எங்கே போவது?

"லக்கி டிராவில் கப்பல் பயணம் கிடைத்திருக்கு, வரி மட்டும் கட்டுங்க" என்று போன் வந்தால் அது மோசடி. தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் போடாதீங்க. போட்டுவிட்டால் உடனே 1930 சைபர் உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் மீட்கும் வாய்ப்பு அதிகம்.

சொன்ன வசதியைத் தரவில்லை, ரீஃபண்ட் இழுத்தடிக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீர்வு கிடைக்கவில்லையா? நிறுவனத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் தேவை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் டெலிட் பண்ணாதீங்க.

அப்போ, போகலாமா?

முதல் முறை என்றால் 2 இரவு பயணமே போதும். ஒத்துக்குதா, பிள்ளைகளுக்குப் பிடிக்குதா என்று தெரிந்துவிடும். ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு, எங்கும் இறங்காத பயணம் ஏமாற்றமாக இருக்கலாம். சமையல், அலைச்சல், டிராஃபிக் எதுவும் இல்லாமல் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினால் போதும் என்பவர்களுக்கு அது நிறைவாக இருக்கும். மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்து, கடன் வாங்காமல் கட்ட முடிந்தால் தாராளமாகப் போகலாம். முடியாவிட்டால் அடுத்த சீசன் இருக்கவே இருக்கு.