எம்-ஸ்கோர்: என்ரான் கணக்கு இடிக்குதுன்னு 1998-லேயே காட்டிக்கொடுத்த ஃபார்முலா... உருவாக்கிய பேராசிரியர் யார்?

லாபம் எகிறுது, பங்கு விலையும் எகிறுது. ஆனா, கம்பெனி கையில் காசு மட்டும் சேரலை. இப்படி ஒரு ஆண்டறிக்கையைப் பார்த்தால் என்ன செய்வீங்க? பெரும்பாலானோர் லாபத்தை மட்டும் பார்த்துவிட்டு பங்கு வாங்கிடுவோம். அந்த இடத்தில்தான் மெசோட் பெனிஷ் நின்று யோசித்தார்.

யார் இவர்?

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில், கெல்லி வணிகப் பள்ளியின் கணக்கியல் பேராசிரியர். லாபத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும் நிறுவனங்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா என்பதே இவரது ஆராய்ச்சியின் மையம். கணக்கைத் திரித்த 74 நிறுவனங்களை எடுத்து, 2,000-க்கும் மேற்பட்ட மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டார். 1999-ல் வெளியான அந்தக் கட்டுரைதான் 'எம்-ஸ்கோர்' எனப் பிரபலமானது.

எப்படி வேலை செய்யுது?

மொத்தம் 8 அளவுகோல்கள். எல்லாமே ஆண்டறிக்கையில் இருக்கும் எண்கள்தான். ஒன்றை மட்டும் பார்ப்போம். போன வருஷம் 100 ரூபாய் விற்பனைக்கு 20 ரூபாய் பாக்கி நின்றது. இந்த வருஷம் அதே 100 ரூபாய்க்கு 35 ரூபாய் நிற்குது. அதாவது 1.75 மடங்கு. வாடிக்கையாளருக்கு தாராளமாகக் கடன் கொடுத்திருக்கலாம், தப்பில்லை. ஆனா, விற்காததை விற்றதாக எழுதியிருந்தாலும் பாக்கி இப்படித்தான் வீங்கும். பெனிஷ் ஆய்வில் திரித்த நிறுவனங்களின் சராசரி சுமார் 1.46, மற்றவற்றில் 1.03.

இதோடு விற்பனை வளர்ச்சி, லாப விகிதச் சரிவு, ரொக்கமாக வராத லாபம் போன்றவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவார்கள். அது மைனஸ் 1.78-ஐத் தாண்டி மேலே போனால் சிவப்புக் கொடி.

என்ரானில் நடந்தது என்ன?

1998-ல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள், வகுப்புப் பாடத்துக்காக எரிசக்தி நிறுவனமான என்ரானின் கணக்கை இதில் போட்டுப் பார்த்தார்கள். கொடி சிவப்பு! பங்கை விற்கலாம் என்று அறிக்கையும் எழுதினார்கள். கேட்டவர்கள் குறைவு. 2000 ஆகஸ்டில் பங்கு 90 டாலரைத் தொட்டது. மாணவர்கள் பேச்சைக் கேட்டு விற்றவர் யாராவது இருந்தால், அன்று நொந்துபோயிருப்பார்! 2001 நவம்பர் இறுதியில் விலை 1 டாலருக்கும் கீழே. டிசம்பர் 2-ல் திவால் மனு. ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதி என்ரான் பங்குகளாகவே இருந்ததால், வேலையோடு சேமிப்பும் போச்சு.

பெனிஷின் இன்னொரு ஆய்வு எரிச்சலூட்டும் ரகம். லாபத்தை மிகைப்படுத்திக் காட்டிய காலத்திலேயே, அதே நிறுவன நிர்வாகிகள் தங்கள் சொந்தப் பங்குகளை விற்றுக்கொண்டிருந்தார்களாம்.

அப்போ கண்ணை மூடிட்டு நம்பலாமா?

கூடாது. வேகமாக வளரும் நேர்மையான நிறுவனத்தையும் இது சந்தேகப்படும். வங்கி, நிதி நிறுவனங்களின் கணக்கு அமைப்பே வேறு என்பதால் அவற்றுக்கு இது பொருந்தாது. 2013-ல் வெளியான ஆய்வில், பிரபலமான 17 மோசடிகளில் 12-ஐ அம்பலமாகும் முன்பே எம்-ஸ்கோர் காட்டியது தெரியவந்தது. மீதி 5 தப்பிவிட்டன.

இந்தக் குறையை பெனிஷே விடவில்லை. 2022-ல் இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து, தன்னுடையது உட்பட 7 மோசடி கணிப்பு முறைகளைச் சோதித்தார். பொய் எச்சரிக்கைகள் மிக அதிகம், தணிக்கையாளர்களுக்கு எதுவுமே கட்டுப்படியாகாது என்பது முடிவு. முதலீட்டாளர்களுக்கு எம்-ஸ்கோர் பலன் தருது.