ஆளறிந்து வாலாட்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் நெசவுக்கான பட்டுப் பாவுநூலைத் தெருநெடுக விரிக்கும்போது, அங்கே படுத்திருக்கும் நாயை விரட்ட யாரும் கல்லெடுப்பதில்லை. ஒரு அதட்டல் போதும், திண்ணையோரம் போய்விடும். கோலூன்றி வரும் பாட்டியைக் கண்டால் மெதுவாக எழுந்து வழிவிடும். கத்திக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளைக் கண்டால் காதை மடக்கிக்கொண்டு நழுவும். ஆளுக்கொரு மாதிரி நடந்துகொள்ள இதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

கொல்கத்தா அருகே மோகன்பூரில் உள்ள ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே ஆராய்கிறது. 2020-இல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கிண்ணங்களில் ஒன்றை விரலால் காட்டினார். 160 நாய்களில் பாதி கிட்டவே வரவில்லை. அதுவும் ஒருவகையில் ஆளறிவதுதானே! வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. 2017-இல் இதே குழு கண்டது இன்னும் சுவையானது: புது ஆளை நம்பவைக்க, தொடர்ந்து தீனி போடுவதைவிடத் தொடர்ந்து தடவிக்கொடுப்பதற்கே பலன் அதிகம்.

நாய் ஆளை எடைபோடுவது முதலில் மூக்கால். நமக்கு வாசனை உணரும் செல்கள் சில பத்து லட்சம். நாய்க்கு இருபது, முப்பது கோடி வரை. உற்றுப்பாருங்கள், மூக்குத்துவாரத்தின் பக்கவாட்டில் ஒரு கீற்று இருக்கும். விடும் மூச்சு அந்த வழியாக ஒதுங்கிவிடுவதால், வரும் வாசனை கலைவதில்லை. சாயப்பட்டறைக்காரரும் மடப்பள்ளிக்காரரும் முகம் தெரியாத இருட்டிலும் அதற்கு வேறுவேறு ஆட்கள். மனநிலைக்கும் வாசனை உண்டு. 2022-இல் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில், கடினமான மனக்கணக்குப் போட்டுப் பதறியவர்களின் வியர்வையையும் மூச்சையும், அதே ஆட்கள் பதறுவதற்கு முன் கொடுத்தவற்றிலிருந்து நான்கு நாய்கள் பிரித்துக் காட்டின. 93.75 சதவீதம் சரி.

கண் அந்த அளவுக்கு இல்லை. நீலமும் மஞ்சளும்தான் அதற்கு நன்றாகப் பிரியும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைத்து நெய்த கோர்வைச் சேலையின் அழகெல்லாம் நாயிடம் எடுபடாது. ஆனால் கட்டியிருப்பவரின் நடை தடுமாறினால் உடனே கவனித்துவிடும்.

என் கணக்கில் இதற்கெல்லாம் அடித்தளம் குட்டிப்பருவம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்த்துப் பழகியது எதுவோ, அதற்கு நாய் பெரும்பாலும் பிறகு மிரளாது. நம் நாட்டில் தெருநாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் குட்டி போடும். கார்த்திகை, மார்கழியில் பிறந்த குட்டி கண்விழித்துத் திரியும்போது மாசியில் காமாட்சியம்மன் பிரம்மோற்சவம் வந்துவிடும். மேளம், குடை, சக்கர நாற்காலி, மொட்டைத்தலை, கைக்குழந்தை என எல்லாம் அதன் பாடத்தில் சேரும். மாடிவீட்டில் பூட்டிவளர்த்த உயர்சாதி நாயோ, குடை பிடித்து வரும் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தே ஓயும்.

இதை நம்பி எல்லா நாயையும் தொட்டுவிடக் கூடாது. குட்டி போட்ட தாயிடமும் அடிபட்ட நாயிடமும் இந்த மென்மையை எதிர்பார்க்க முடியாது. வாலும் உடலும் விறைத்து நின்றால் பிள்ளைகள் ஓடாமல், கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். பல் பட்டுவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.