வலிக்குப் பயந்து வலியை வளர்க்காதீர்கள்

பண்டிகை விடுமுறை முடிந்த மறுநாள் பல் மருத்துவமனை வாசலில் எப்போதும் கூட்டம் கூடுதலாக இருக்கும். துண்டைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடி ஒருவர், இரண்டு விரல் அளவுக்குக்கூட வாயைத் திறக்க முடியாமல் இன்னொருவர், இரவெல்லாம் அழுத குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு தாய். எப்போதிலிருந்து வலி என்று கேட்டால், "நேத்துதான் டாக்டர்" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் முழுக்கதையும் வரும். ஆடி மாதமே இனிப்புப் பட்டால் கூசியது. பிறகு ஐஸ் தண்ணீருக்குச் சுரீரென்றது. ஒரு நாள் ராத்திரி விண்விண்ணென்று தெறித்தது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் அடங்கியது. நடுவில் வலியே இல்லாமல் இருந்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். இப்போது கன்னம் வீங்கிவிட்டது.

கூசியபோதே ஏன் வரவில்லை? பத்து வயதானாலும் எழுபது வயதானாலும் பதில் ஒன்றுதான்: "பயமா இருந்துச்சு."

வலிப்பது தாமதம்தான்

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, பேசவும் முடியாமல், முகத்துக்கு நேரே விளக்கையும் கருவியையும் பார்ப்பது யாருக்கும் சுகமான காரியமில்லை. ஆனால் இந்த நாற்காலியில் உயிர் போய் உயிர் வந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும் பலரைக் கேட்டுப் பாருங்கள். சீழ் கோத்த பிறகு வந்தவர்களாக இருப்பார்கள்.

காரணம் இருக்கிறது. நாங்கள் ஊசியில் போடும் லிக்னோகெயின் என்ற மருந்து 1948-இல் புழக்கத்துக்கு வந்தது. நல்ல நிலையில் உள்ள ஈறில் போட்டால் சில நிமிடங்களில் அந்தப் பகுதி மரத்துப்போகும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால், அதே மருந்து நரம்புக்குள் சரியாக இறங்குவதில்லை. கூச்சம் தொடங்கிய வாரமே வந்திருந்தால் சிமென்ட் அடைத்து அரை மணி நேரத்தில் அனுப்பியிருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் ஊசியே தேவைப்பட்டிருக்காது. பயந்து தள்ளிப்போட்டதால்தான் வேர் சிகிச்சையோ பல் எடுப்பதோ தேவையாகிறது, மரக்காத ஊசியும் வருகிறது. அந்த வலி பயத்தை இன்னும் கெட்டிப்படுத்திவிட, அடுத்த பல்லுக்கும் அவர் கடைசி நேரத்தில்தான் வருகிறார்.

மாத்திரையும் கைவைத்தியமும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மெடிக்கலில் பல்வலி என்று சொன்னால் போதும், கலர் கலராக நாலு மாத்திரையைக் கத்தரித்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும், ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். வலி மாத்திரை வலியை மறைக்கிறது, சொத்தையை ஒன்றும் செய்வதில்லை. வாரக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம். சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆன்டிபயாடிக்கோ இரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் செத்துப்போன பிறகு அது எந்த வழியாக அங்கே போகும்? வீக்கம் வற்றும், நோய் அங்கேயே இருக்கும். வலி அடங்கியதும் பாதியில் நிறுத்துவதால், பிறகு உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

வலி தானாக நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பல நேரம் அது குணமானதன் அடையாளமில்லை, பல்லின் உயிர் போனதன் அடையாளம். அதன் பிறகு கிருமி எலும்பை நோக்கி இறங்குகிறது.

ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லின் பக்கத்தில் அடக்கிக்கொள்வார்கள். கன்னத்தை விலக்கிப் பார்த்தால் உள்தோல் சுட்டதுபோல் வெள்ளையாக உரிந்து கிடக்கும். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் சற்று நேரம் மரக்கச் செய்யும், உண்மைதான். ஆனால் பஞ்சில் தோய்த்து ராத்திரி முழுக்க வைத்தால் ஈறு வெந்துபோகும். பிராந்தியில் நனைத்த பஞ்சும் அப்படித்தான். புகையிலையை அடக்கிப் பல்வலியைப் போக்கிக்கொள்ளத் தொடங்கியவர் பிறகு புகையிலையை விடுவதே இல்லை. பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. இன்னும் அதைத் தேடி வாங்கித் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றிலெல்லாம் மோசமானது வெந்நீர் ஒத்தடம். உள்ளே சீழ் இருக்கும்போது வெளியே சூடு வைத்தால் வீக்கம் தோல் பக்கம் வரும். தாடையில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்து, ஆயுளுக்கும் தழும்போடு இருப்பவர்கள் உண்டு. மருத்துவரைப் பார்க்கும்வரை வெளியே குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அவ்வளவு போதும்.

கீழ்க்கடைவாய்ப் பல்லில் இருந்து சீழ் நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுக்குழல் அடைபடும். 1836-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரால்தான் இந்நோயை இன்றும் அழைக்கிறோம். நாக்கு மேலே தூக்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, கழுத்து விறைத்து வீங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பூச்சி விழுந்ததா?

கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, வரும் புகையை வாய்க்குள் பிடிக்கச் சொல்லி, கீழே வைத்த தண்ணீர்த் தட்டில் வெள்ளையாகச் சுருண்டு கிடப்பதைக் காட்டி, "பாருங்க, பூச்சி விழுந்துடுச்சு" என்பார்கள். அந்த வெள்ளை இழைகள் விதைக்குள் இருந்த முளைக்கருக்கள். சூட்டில் விதை வெடித்து அவை வெளியே வருகின்றன. பல்லே இல்லாதவர் வாயைக் காட்டினாலும் அதே 'பூச்சி' விழும். பல்லில் புழு என்று எதுவும் இல்லை என்று பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபொஷார் 1728-லேயே எழுதிவிட்டார். சொத்தைக்குக் காரணம், இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் தின்று அமிலம் சுரக்கும் கிருமிகள். அவற்றைப் புகையால் விரட்ட முடியாது.

விடாமல் சுற்றும் நம்பிக்கைகள்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது தாத்தா காலத்தில் இருந்து வருகிறது. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. முன்னது மூளையில் இருந்து கிளம்பும் இரண்டாம் நரம்பு, பின்னது ஐந்தாவது. பல் எடுக்கும் வயதும் கண்புரை விழும் வயதும் ஒன்றாக அமைவதால் பழி எங்கள் மேல் விழுகிறது. கண்ணுக்குப் பயந்து சீழ் பிடித்த வேரை வாயிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து.

"க்ளீன் பண்ணினா பல் ஆடும்" என்பது அடுத்தது. பல்லைச் சுற்றிக் கல்லாக இறுகிய காரை, இடிந்த சுவருக்கு முட்டுக்கொடுத்த குப்பை மாதிரி. அதன் அடியில் ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்திருக்கும். குப்பையை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எடுக்காமல் விட்டால் எலும்பு இன்னும் கரையும்.

செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் தேய்த்தால் பல் வெளுக்கும் என்று நம்புகிறார்கள். வெளுப்பது மேல்பூச்சு தேய்வதால். ஈறோரத்தில் அரிவாளால் கொத்தியது போன்ற பள்ளம் விழுந்து, பச்சைத் தண்ணீருக்கே கூசும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்கள்தான் இப்படி அதிகம் தேய்த்துத் தேய்த்து அவதிப்படுகிறார்கள். அந்தக் கறை பல் உருவாகும்போதே உள்ளே ஏறியது. எந்தப் பொடிக்கும் போகாது.

கர்ப்பிணிக்குப் பல் சிகிச்சை கூடாது என்பதும் தவறு. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். சீழ், வீக்கம் என்றால் எந்த மாதமானாலும் வர வேண்டும்.

சுகர் இருந்தால் பல்லே எடுக்கக் கூடாது என்று பத்து வருடம் ஆடும் பல்லோடு இருப்பவர்கள் உண்டு. ஈறு நோய் இருக்கும்வரை சுகர் கட்டுக்குள் வருவது கடினம், சுகர் கட்டுக்குள் வராதவரை ஈறு ஆறுவதும் கடினம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாகவே அதை நிறுத்திவிட்டு வராதீர்கள். இரத்தக் கசிவை எங்களால் நிறுத்த முடியும். மாத்திரையை விட்டதால் மாரடைப்போ பக்கவாதமோ வந்தால் என்ன செய்வது?

குழந்தைக்குப் பயத்தை ஊட்டுவது யார்?

"சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." இதைக் கேட்டே வளர்ந்த குழந்தையிடம் ஒரு நாள் திடீரென்று, "டாக்டர் மாமா நல்லவர், வா" என்றால் எப்படி நம்பும்? "வலிக்கவே வலிக்காது", "ஊசியே கிடையாது" என்று பொய்ச் சத்தியமும் செய்யாதீர்கள். "பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை எங்களிடம் விடுங்கள்.

முதல் வருகை, முதல் பிறந்த நாளுக்குள் இருக்க வேண்டும். வலி இல்லாத நாளில் வரும் குழந்தை நாற்காலியில் ஏறி இறங்கும், கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கும். சுழலும் பிரஷ்ஷை முதலில் அதன் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் காட்டுவோம். கூசுகிறதா என்று கேட்டால் சிரிக்கும். பிறகுதான் அதே பிரஷ் பல்லுக்குப் போகும். என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் சொல்லி, அடுத்துக் காட்டி, அப்புறம் செய்யும் இந்த முறைக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். வீங்கிய முகத்தோடு கதறிக்கொண்டு வரும் குழந்தையிடம் அந்த நேரம் கிடைப்பதில்லை.

"விழப்போற பால் பல்லுதானே" என்கிறார்கள். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும். இன்னொன்று, ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்து விட்டுவிட, எட்டு வயதுக்குள் அதைப் பறிகொடுத்த குழந்தைகளைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. இன்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள்.

சிறு சொத்தைகளுக்குத் துளை போடாமல் பூசும் மருந்தும் இருக்கிறது. சில்வர் டையமைன் ஃபுளூரைடு என்ற இதை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பூசிய இடம் கறுத்துவிடும், சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். ஊசிக்கு அஞ்சும் குழந்தைக்கும், நீண்ட நேரம் உட்கார முடியாத முதியவருக்கும் இது உதவும்.

விளையாடும்போது நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு.

பெரியவர்களுக்கு

பயமாக இருக்கிறது என்று உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஊசிக்கு முன்பு மரக்கும் ஜெல் தடவச் சொல்லிக் கேளுங்கள். காலை நேரமாக வாங்குங்கள், நாள் முழுக்க நினைத்து நினைத்துக் கலங்க வேண்டாம். முக்கியமாக, சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிறும் பயமும் சேர்ந்து மயக்கம் போட்டதை, "எனக்கு ஊசி ஒத்துக்காது" என்று பல ஆண்டுகள் நம்பியவர்கள் உண்டு. இந்த மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது.

சிகிச்சைக்கு முன்பு பெரும்பாலும் ஓர் எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சுகர், பிரஷரும் பார்ப்போம்.

பயத்தால் மலிவான குறுக்குவழிக்குப் போகாதீர்கள். பல் மருத்துவம் படிக்காதவர்கள் ஒரே நாளில் பல் கட்டுகிறேன் என்று பிளாஸ்டிக் கலவையைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுகிறார்கள். அதன் அடியில் அழுகி, நல்ல பல்லும் சேர்ந்தே போகும். கருவிகள் நீராவியில் கிருமி நீக்கப்பட்ட உறையில் இருந்து உங்கள் எதிரே பிரிக்கப்படுகின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

ராத்திரி படுக்கும் முன் பல் தேய்க்காமல் தூங்காதீர்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு ஃபுளூரைடு பேஸ்ட் போதும். ஏழெட்டு வயதுவரை நீங்களே தேய்த்துவிடுங்கள். சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவைக்காதீர்கள், தயவுசெய்து. முன்பற்கள் நாலும் கறுத்துக் கரைந்து வரும் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்க்க முடியவில்லை. முதியவர்களே, கட்டுப்பல்லை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள்.

பாக்கு போடுகிறவர்களே, காரம் பட்டால் எரிகிறதா, மூன்று விரல் உள்ளே போகும் அளவுக்கு வாய் திறக்கவில்லையா? உடனே காட்டுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

பணம்தான் தடை என்றால் பல தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவர் இருக்கிறார். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் பல் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். குழந்தையை வலி இல்லாத ஒரு நாளில் கூட்டிப் போங்கள், அடுத்த பண்டிகை விடுமுறைக்கு முன்பே.