நான்கு பேரையும் விரட்ட முடியுமா?

சீனப் புத்தாண்டு ஒன்றுகூடலோ தீபாவளி இரவோ, சாப்பாடு முடிந்ததும் சீட்டுக்கட்டு வெளியே வரும் வீடுகள் சிங்கப்பூரில் உண்டு. இளையர்கள் கூடும் மேசை என்றால் இப்போது பெரும்பாலும் டெக்சஸ் ஹோல்டம் போக்கர்தான். உறவினர்களும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி இப்படி விளையாடுவதை 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டுக்காரர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தமக்கென ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் கதை வேறு. இணையத்தில் காசு வைத்து ஆடுவதற்கும் இந்தச் சலுகை கிடையாது.

ஆடத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மறைவான சீட்டுகள். மேசை நடுவே எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் காசு வைக்கலாம். உங்களுக்கு முன் யாரும் வைக்கவில்லை என்றால், எதுவும் வைக்காமல் ‘செக்’ சொல்லி வாய்ப்பை அடுத்தவருக்கு விடலாம்.

காணொளிகளில் வரும் பாடங்களில் பெரும்பாலானவை கடைசியில் இருவர் மோதும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கின்றன. எதிராளி தயங்கினால் காசை வை, அவர் விலகிவிடுவார் என்பது அங்கே கிடைக்கும் பழக்கம். வீட்டு மேசையில் நிலைமை வேறு. “வந்தது வந்தோம், பார்த்துட்டே போவோம்” என்று ஐந்து பேருமே 20 காசு போட்டு முதல் மூன்று சீட்டைப் பார்ப்பார்கள். பழக்கம் அங்கேதான் காலை வாரும்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐவர் போட்டதில் நடுவே 1 வெள்ளி இருக்கிறது. உங்கள் கையில் ஏஸ், ராஜா. திறந்தவை 9, 8, 6. அவற்றில் இரண்டு ஹார்ட். உங்களுக்கு ஒரு ஜோடிகூட அமையவில்லை. 50 காசு வைத்து எல்லாரையும் விரட்டிவிடலாமா?

அந்த 50 காசு 1 வெள்ளியைக் குறிவைக்கிறது. மூன்று முறையில் ஒரு முறை எல்லாரும் விலகினால் நட்டமில்லை. எதிரே ஒருவர் மட்டும் இருந்து, அவர் மூன்றில் இரண்டு தடவை விலகக்கூடியவர் என்றால் தாராளமாக வைக்கலாம். அதே மனநிலையில் இருவர் இருந்தால், இருவருமே விலகும் வாய்ப்பு 44 விழுக்காடு. மூவர் என்றால் 30. நால்வர் என்றால் வெறும் 20. நால்வருக்கு எதிரே இந்தக் கணக்கு ஒத்துவர வேண்டுமானால், ஒவ்வொருவரும் நான்கில் மூன்று தடவைக்கு மேல் விலக வேண்டும். விருந்து மேசையில் அவ்வளவு எளிதில் யார் விலகுகிறார்கள்? அடுத்த சீட்டில் ஏஸோ ராஜாவோ வரலாம்தான். அதற்கு வாய்ப்பு சுமார் 13 விழுக்காடு. அதற்குள் வேறு ஒருவர் நேர்வரிசை அமைத்திருக்கவும் கூடும். செக் சொல்வதே சரி.

நல்ல சீட்டும் கூட்டத்தில் மெலிந்துபோகும். இரண்டு ஏஸைவிடச் சிறந்த தொடக்கம் ஹோல்டமில் இல்லை. கடைசிவரை ஆடினால், ஏதோ ஒரு கையுடன் நிற்கும் ஒருவரை அது சுமார் 85 விழுக்காடு வெல்லும். நால்வர் எதிரே அது 56 ஆகிறது. எட்டுப் பேர் எதிரே 35 மட்டுமே. அதனால் இரண்டு ஏஸ் வந்தால் தொடக்கத்திலேயே நன்றாக உயர்த்தி மேசையைக் குறைக்க வேண்டும். 20 காசுக்கு எல்லாரையும் உள்ளே விடுவது விருந்தோம்பலாக இருக்கலாம், ஆட்டமாகாது.

அதே 9, 8, 6 திறந்து, உங்கள் கையில் இரண்டு 6 இருந்தால்? மூன்று 6! இப்போது செக் சொல்லிப் பதுங்கத் தோன்றும். இருவர் ஆட்டத்தில் அந்தத் தந்திரம் சில நேரம் பலிக்கும். ஐவர் ஆட்டத்தில் யாரோ ஒருவர் ஹார்ட்டுக்கோ நேர்வரிசைக்கோ காத்திருப்பார். அவருக்கு அடுத்த சீட்டை இலவசமாகக் காட்ட வேண்டாம். 70 காசு வையுங்கள்.

எவ்வளவு வைப்பது என்பதிலும் கூட்டம் குறுக்கிடுகிறது. கையில் இரண்டு ஹார்ட் வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டில் ஐந்தாவது ஹார்ட் கிடைக்கும் வாய்ப்பு 19 விழுக்காடு. உங்கள் 70 காசுக்கு முதலில் ஈடுகொடுப்பவருக்கு 29 விழுக்காட்டு வாய்ப்பு இருந்தால்தான் கட்டுப்படியாகும். அவர் கணக்கு உதைக்கிறது. அவர் போட்ட பின், இரண்டாமவருக்கு 23 விழுக்காடு போதும். மூன்றாமவருக்கு 18தான் தேவை. அவர் செய்வது சரியான ஆட்டம்! ஒவ்வொருவர் சேரும்போதும் பின்னால் இருப்பவருக்கு விலை மலிகிறது. சிறிய தொகை வைத்தால் இந்த ஊர்வலத்தை நீங்களே தொடங்கிவைத்ததாக ஆகும்.

நீங்கள்தான் ஹார்ட்டுக்குக் காத்திருக்கிறீர்களா? உங்களிடம் ஹார்ட் ஏஸ் இருந்தால் கூட்டம் நல்லது. வென்றால் பெரிய தொகை. கையில் 5, 4 ஹார்ட் என்றால் எச்சரிக்கை. நான்கு பேரில் ஒருவரிடம் பெரிய ஹார்ட் இரண்டு இருந்தால், நீங்கள் விரும்பிய சீட்டே உங்களைக் கவிழ்க்கும்.

பலருக்குக் காசு போவது நடுத்தரக் கையில்தான். உங்களிடம் ஏஸ், 7. திறந்தவை ஏஸ், ஜாக், 5. ஒருவர் எதிரே வைக்கலாம். நால்வர் எதிரே வைத்தால் வெறுங்கைக்காரர்கள் விலகுவார்கள். ஏஸுடன் ராஜா அல்லது ராணி வைத்திருப்பவர் மகிழ்ச்சியோடு தொடர்வார். செக் சொல்லி, யாராவது சிறு தொகை வைத்தால் ஒரு முறை ஈடுகொடுத்துப் பார்க்கலாம். ஒருவர் வைத்து இன்னொருவர் உயர்த்தினால் விலகிவிடுங்கள்.

இறுதியாக ஆடுபவருக்கு ஒரு வசதி. முன்னால் நால்வரும் செக் சொன்னதைக் கேட்ட பிறகு, இதே ஏஸ், 7க்குச் சிறிதாக வைக்கலாம். எதுவும் அமையாத கைக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். மூன்று சீட்டு ஒன்றாகச் சேர்ந்த பிறகும் முகத்தில் எதுவும் காட்டாமல் செக் சொல்லும் சித்தி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார்.

கணக்கு மறுபக்கமும் செல்லும். நால்வர் காத்திருக்கும்போது ஒருவர் முதலாவதாகத் துணிந்து வைத்தால், இருவர் ஆட்டத்தைவிட அதைக் கூடுதலாக நம்பலாம். உங்களிடம் ஒரு ஜோடி 8 என்றால் கவிழ்த்துவிடுங்கள்; போவது 20 காசுதான். விதிவிலக்கு, சீட்டைப் பார்க்காமலே ஒவ்வொரு சுற்றிலும் காசு வைக்கும் மாமா.