ஒரு நிலக்கடலைக் காயும் நான்கு துறைகளும்

பல்கலைக்கழக ஆய்வு என்றவுடன் நம்முள் பலருக்கும் தொலைவில் நடக்கும் ஒரு காரியம் என்ற எண்ணமே தோன்றுகிறது. வேளாண்மை, சுற்றுச்சூழல், மனநலம், உயிரணுவியல் என்று துறைகள் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதும் அந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். ஆனால் ஓர் உழவரின் வயலில் எழும் சிக்கல் துறைவாரியாகப் பிரிந்து வருவதில்லை. பயிர்க்கடன் பெற்று விதைத்த நிலக்கடலை கருத்துப் போனால், அது நிலத்தின் சிக்கலாகவும் நீரின் சிக்கலாகவும் உடலின் சிக்கலாகவும் குடும்பத்தின் மனச்சுமையாகவும் ஒரே நேரத்தில் உருவெடுக்கிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அரை நூற்றாண்டுக்கு முன் தோன்றிய ஒரு பயிர்நோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

காளஹஸ்தி நோய்

அன்றைய சித்தூர் மாவட்டத்தின் ஸ்ரீகாளஹஸ்திப் பகுதி (2022 ஏப்ரல் முதல் இது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது) மணற்பாங்கான நிலத்துக்கும் நிலக்கடலைக்கும் பெயர்பெற்றது. 1975-76ஆம் ஆண்டுப் பருவத்தில் இப்பகுதி உழவர்கள் ஒரு புதிய நோயைக் கண்டனர். செடிகள் குட்டையாக நின்றன. ஆயினும் இலைகள் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக இருந்தன. மேலே பார்ப்பவருக்குப் பயிர் செழிப்பாகவே தோன்றியது. செடியைப் பிடுங்கிய பிறகே உண்மை தெரிந்தது. காய்களின் மேல் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஓடு முழுவதும் கருத்திருந்தது. காய்க்காம்பு குட்டையாகவும் காய் சிறுத்தும் இருந்தன. ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஆனால் விளைச்சல் குறைந்தது, கருத்த காய்க்குச் சந்தையில் மதிப்பும் இல்லை.

நிலக்கடலையின் பூ மண்ணுக்கு மேலே மலர்ந்தாலும், விழுது மண்ணுக்குள் இறங்கியே காய் உருவாகிறது. ஆகவே மண்ணில் வாழும் எதிரி காயைத் தாக்கும்போது அறுவடை வரை அது கண்ணுக்குத் தெரிவதில்லை. விதை, உரம், கூலி என அனைத்துக்கும் பணம் செலவான பிறகே இழப்பு வெளிப்படுகிறது.

காரணத்தை அறிய ஆந்திர வேளாண் ஆய்வாளர்களும், ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தினரும் முனைந்தனர். மண்ணில் மிகுந்திருந்த ஒரு நூற்புழுவே காரணம் என்ற முடிவு 1984இல் ஆய்விதழில் வெளிவந்தது. டைலெங்கோரிங்கஸ் பிரெவிலினியேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இந்தப் புழு, ஊசி போன்ற வாயுறுப்பால் வேர், விழுது, இளங்காய் ஆகியவற்றின் உயிரணுக்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. குத்துப்பட்ட அணுக்கள் மடிந்த இடமே பழுப்புப் புள்ளியாகிறது. உழவர் வயலில் கண்ட கருமை, உருப்பெருக்கியின் கீழ் ஓர் உயிரணுவின் மரணமாகப் புலப்பட்டது.

மருந்தும் மடையும்

நூற்புழுவைக் கொல்ல மருந்து இல்லாமலில்லை. கார்போஃபியூரான் போன்ற குருணை மருந்துகள் நாடெங்கும் மண்ணில் இடப்பட்டு வந்தன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அறிந்தால் அவற்றின் ஆபத்தும் விளங்கும்.

நரம்பிலிருந்து தசைக்கு ஆணை செல்லும்போது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அதனை வயலுக்கு நீர் பாயத் திறக்கும் மடைக்கு ஒப்பிடலாம். வேலை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும் அல்லவா? அவ்வேலையைச் செய்வது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். கார்பமேட் வகை மருந்துகளும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளும் இந்த நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. மடை அடைபடாமல் ஆணை பாய்ந்துகொண்டே இருக்கிறது. தசைகள் துடித்துச் செயலிழக்கின்றன. புழுவோ பூச்சியோ மடிகிறது.

இங்குதான் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. இந்த நொதி புழுவுக்கு மட்டும் உரியதன்று. பூச்சி, மீன், பறவை, கால்நடை, மனிதர் ஆகிய அனைவரின் உடலிலும் இதே வேலையை இதே நொதியே செய்கிறது. ஆகவே புழுவுக்கு என்று இடும் நஞ்சு, அளவு கூடினால் அல்லது இடம் மாறினால், மற்ற உயிர்களையும் அதே வழியில் தாக்கும்.

இதனை ஆராய்ந்த இடங்களுள் ஒன்று திருப்பதியிலேயே இருந்தது. 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையினர், மீத்தைல் பாரத்தியான் போன்ற மருந்துகள் நீரில் கலந்தால் ஜிலேபிக் கெண்டை மீனின் மூளை, தசை, ஈரல் ஆகியவற்றில் என்ன நிகழ்கிறது என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். வயலில் இடப்படும் மருந்து மழைநீரோடு ஏரிக்கும் ஆற்றுக்கும் செல்லும் வாய்ப்புள்ள நாட்டில் இது வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. திருப்பதியையும் ஸ்ரீகாளஹஸ்தியையும் தொட்டுச் செல்லும் சுவர்ணமுகி ஆற்றின் கரைகளில் வயல்களும் கிணறுகளும் அருகருகே உள்ளன. மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைந்து கீழிறங்கும். அதில் கரைந்தவையும் உடன் இறங்கும்.

மீத்தைல் பாரத்தியான் 2018ஆம் ஆண்டு நடுவண் அரசின் ஆணையால் இந்தியாவில் முற்றிலும் தடை செய்யப்பட்டது. அந்த ஆணை மொத்தம் 18 மருந்துகளைப் பற்றியது. 12 உடனடியாகவும், 6 மருந்துகள் 2020 டிசம்பர் 31 முதலும் விலக்கப்பட்டன.

வீட்டுக்குள் இருக்கும் நஞ்சு

வயலுக்கு வாங்கிய மருந்து பெரும்பாலும் வீட்டில்தான் வைக்கப்படுகிறது. பயிர் பொய்த்து, கடன் தவணை நெருங்கி, மனம் உடைந்திருக்கும் வேளையில் அது கைக்கு எட்டும் தொலைவில் இருப்பது பெரும் ஆபத்து. இந்த இடத்தில் வேளாண்மையும் மனநல ஆய்வும் சந்திக்கின்றன.

சித்தூரை அடுத்த வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்தில் ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு ஒவ்வொரு இறப்பையும் பதிவு செய்து, குடும்பத்தாரிடம் கேட்டு அதன் காரணத்தை உறுதிப்படுத்தி வந்தனர். 1994 முதல் 1999 வரையிலான பதிவுகளின்படி அங்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். அக்காலத்தில் நாட்டின் அதிகாரப்பூர்வச் சராசரி 11 அளவிலேயே இருந்தது. 2003இல் வெளியான இந்த ஆய்வு, சிற்றூர்களின் துயரம் அரசுக் கணக்குகளில் முழுமையாக இடம்பெறவில்லை என்பதை உணர்த்தியது.

தற்கொலை முயற்சிகளில் பல நெடுநாள் திட்டமிட்டவை அல்ல என்பது மனநல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கூறும் உண்மை. கொடிய எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் குறுகியது. அந்நேரத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். எனவே அந்நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிர்காப்பு.

இதனை நடைமுறைப்படுத்த இரு வழிகள் ஆராயப்பட்டன. ஒன்று, பூட்டி வைத்தல். சென்னையைச் சேர்ந்த சினேகா அமைப்பினர் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டுப் பெட்டிகள் கொண்ட மருந்துக் கிடங்கை அமைத்து ஆராய்ந்தனர். 2013இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் இலங்கையின் வடமத்தியப் பகுதியில் 180 ஊர்களில், வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி வழங்கி நடத்திய பெரிய ஆய்வு, அதனால் பயன் விளைந்ததாகக் காட்டவில்லை. அது 2017இல் வெளிவந்தது. பெட்டி வீட்டிலேயே இருந்து சாவியும் வீட்டிலேயே இருந்தால் காப்பு முழுமை பெறாது போலும்.

மற்றொரு வழி, கொடிய நஞ்சையே புழக்கத்திலிருந்து விலக்குதல். இலங்கை அரசு 1995இல் மிகக் கொடிய வகை மருந்துகளையும், 1998இல் எண்டோசல்பானையும் விலக்கியது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரை அந்நாட்டில் தற்கொலை இறப்புகள் ஏறத்தாழ 20,000 குறைந்தன என ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவுமில்லை.

விடை விதையில் இருந்தது

நஞ்சை விலக்கலாம், ஆனால் நூற்புழு மண்ணில் இருக்கிறதே, உழவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னது பயிர்ப்பெருக்க ஆய்வு. நூற்புழு மிகுந்த நிலத்திலேயே பல்வேறு நிலக்கடலை வகைகளை விதைத்து, எவை கருக்காமல் காய்க்கின்றன என்று ஆய்வாளர்கள் பார்த்தனர். ஒரு பருவத்தில் தப்பிய செடி மறு பருவத்திலும் தப்புகிறதா, அதன் விளைச்சல் போதுமானதா, பருப்பு தரமானதா என்று பல பருவங்கள் சோதித்தனர். திருப்பதி ஆய்வு நிலையத்தின் பணியால் நோயைத் தாங்கும் ‘திருப்பதி-3’ என்ற ரகம் கிடைத்தது. பின்னர், நோய்க்கு எந்த ஊரின் பெயர் வந்ததோ அந்த ஊரின் பெயரிலேயே ‘காளஹஸ்தி’ என்ற ரகமும் உருவானது.

இந்தப் பணிக்கு மருந்துக்கடைக் குருணையின் வேகம் இல்லை. பல ஆண்டுப் பொறுமை தேவைப்பட்டது. ஆனால் பயனை நோக்குங்கள். நோயைத் தாங்கும் விதையை விதைத்தவர் நூற்புழுவுக்கென மருந்து வாங்கும் செலவைக் குறைத்துக்கொள்கிறார். அதனால் ஆற்றுநீருக்குச் செல்லும் நஞ்சு குறைகிறது. மருந்து இடும் கூலியாளின் நரம்பு காக்கப்படுகிறது. வீட்டு மூலையில் வைக்கப்படும் புட்டியும் பொட்டலமும் குறைகின்றன. எந்த மனநல மருத்துவரும் கேட்காமலே, ஒரு பயிர்ப்பெருக்க ஆய்வாளர் மனநலத்துக்குத் துணை செய்திருக்கிறார். துறைகள் தனித்தனியாக இருந்தாலும் பயன் ஒரே வீட்டில் வந்து சேர்கிறது.

வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கவை

பயிர் செய்யும் வாடிக்கையாளர்கள், மருந்து வாங்குவதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்வது கடன்தொகையைக் காக்கும் முதல் வழி. மண்வள அட்டை சத்துகளின் அளவைத்தான் கூறும், நூற்புழுவைக் கூறாது. நூற்புழு உண்டா என்று அறிய, வாடிய அல்லது குட்டையான செடிகளின் வேர்ப்பகுதி மண்ணைச் சிறிது வேருடன் எடுத்து, காயவிடாமல் நெகிழிப் பையில் கட்டி, நிழலில் வைத்து, விரைவில் வேளாண் ஆய்வு நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு செல்ல வேண்டும். அறுவடை வரை காத்திராமல், வயலில் சில செடிகளை இடையிலேயே பிடுங்கிக் காய்களைப் பார்ப்பது நன்று. ஐயங்களுக்கு உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

மருந்து வாங்கவேண்டியே வந்தால், அந்தப் பருவத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். எஞ்சியதை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். குளிர்பானப் புட்டிகளில் மாற்றி ஊற்றாதீர்கள். உடலில் பட்டோ உட்சென்றோ விட்டால், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த வகை நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் சரியான மாற்று மருந்தை விரைந்து அளிக்க இயலும்.

பயிர் பொய்த்துத் தவணை கட்ட இயலாத நிலை வந்தால், தவணை நாள் கடந்த பிறகு ஒதுங்கியிருப்பதைவிட, அதற்கு முன்பே கிளை மேலாளரைச் சந்தித்து நிலைமையைக் கூறுவது மேல். இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பயிர்க்கடன் தவணைகளைத் திருத்தியமைக்க வங்கிகளுக்கு விதிமுறைகள் உள்ளன. பயிர்க் காப்பீடு செய்துள்ளோமா, எதற்கெல்லாம் இழப்பீடு உண்டு என்பதை விதைப்பின்போதே கேட்டறிவதும் நல்லது.

வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்து, உறக்கமின்றி, வாழ்வில் பற்றற்றுக் காணப்பட்டால் அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வளராது. வீட்டிலுள்ள மருந்துகளை அப்புறப்படுத்துங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

கடன் திரும்பிவிடும்; பருவமும் திரும்பி வரும். அதுவரை அந்தக் குடும்பத்தில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். அதற்கு நல்ல விதையும் தூய நீரும் மனம்விட்டுப் பேச ஒருவரும் வேண்டும். இம்மூன்றுக்கும் ஆய்வகங்கள் தம் பங்கைச் செய்துள்ளன. அவற்றின் முடிவுகளைக் கேட்டறிந்து வயலிலும் வீட்டிலும் பயன்படுத்துவது நம் பங்கு.