கேட்பாரற்ற பணம்

கேட்பாரற்றுக் கிடக்கும் பணம் என்றவுடன் நம் தஞ்சை நாட்டு மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புதையல்தான். உழும்போது கொழுமுனையில் செப்புக்குடம் தட்டுப்பட்டது என்னும் கதை வழங்காத ஊர் இந்தக் காவிரிப் படுகையில் அரிது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ மண்ணுக்குள் கிடக்கும் பணத்தைப் பற்றியன்று. ஏட்டுக்குள் கிடக்கும் பணத்தைப் பற்றி. உரியவர் பெயரும் தொகையும் தேதியும் தெளிவாக எழுதப்பட்டு, வந்து கேட்பார் இல்லாமையால் மட்டுமே அங்கே தங்கிவிட்ட பணம் அது.

சர்க்கார் கஜானாவுக்குள் போன பணம் ஆற்றில் கரைத்த புளி என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். அது சரியன்று. நம் அரசியலமைப்பின் 266ஆம் பிரிவு மாநில அரசின் பணத்தை இரண்டாகப் பிரித்து வைக்கிறது. வரியாகவும் கட்டணமாகவும் வருவது தொகுநிதி. அது அரசுக்கே சொந்தம். மற்றொன்று பொதுக்கணக்கு. பிறருக்காக அரசு வாங்கிப் பாதுகாக்கும் பணம் இந்தக் கணக்கில் நிற்கும். இங்கே அரசு உரிமையாளர் அல்லர். ஒரு தருமகர்த்தாவைப் போன்றவர். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நம் பகுதியில் இவ்வாறு தங்கும் பணத்தில் பெரும்பங்கு நில எடுப்பு இழப்பீடு என்பது என் எண்ணம். சாலைக்கும் வாய்க்காலுக்கும் இருப்புப்பாதைக்கும் நஞ்சை நிலம் எடுக்கப்படுகிறது. விக்கிரவாண்டி முதல் தஞ்சாவூர் வரை நான்குவழிச் சாலை வந்ததை நீங்கள் அறிவீர்கள். நிலம் எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது? பட்டா கொள்ளுப்பாட்டனார் பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்ச்சொல்லாக நடந்திருக்கும். ஒரு தாயாதி மலாயாவுக்குப் போனவர் திரும்பியிருக்கமாட்டார். உரிமை இன்னார்க்கு என்று துணிய முடியாதபோது, இழப்பீட்டை நீதிமன்றத்தில் கட்டிவிடும்படி 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு விதித்தது. அந்தச் சட்டம் நீங்கி, 2014 ஜனவரி முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆயினும், உரிமையில் தகராறு இருந்தால் பணத்தைத் தீர்ப்பு வழங்கும் அமைப்பிடம் கட்டிவைக்கும் முறை மாறவில்லை.

பாபநாசத்தை அடுத்த ஒரு சிற்றூரில் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் இருக்கிறார். அவர்கள் குடும்ப நிலத்தில் சாலைக்காகச் சில குழிகள் எடுக்கப்பட்டன. நான்கு கிளைகளாகப் பிரிந்த குடும்பம். ஒரு கிளையினர் கடல் கடந்து போய்விட்டனர். கணவரும் காலமானபின், “சர்க்கார் நிலத்தையும் எடுத்துக்கொண்டது, பணத்தையும் எடுத்துக்கொண்டது, சார்” என்றே அந்த அம்மையார் சொல்லிவந்தார். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்கப் பணமின்றி, எஞ்சிய நிலத்தையும் விற்பதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொணர்ந்த தாள்களுள் ‘தீர்வம்’ என்று தலைப்பிட்ட ஆணை ஒன்று இருந்தது. இழப்பீட்டை அறுதியிடும் ஆணைக்கு அதுதான் பெயர். அதன் கடைசிப் பத்தியை அதுவரை ஒருவரும் படித்துக்காட்டவில்லை. பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டது என்று அதில் தேதியோடு எழுதியிருந்தது!

பிறகு செய்தவை கடினமானவை அல்ல, பொறுமை வேண்டியவை. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்றார்கள். தீர்வத்தின் எண்ணையும் தேதியையும் காட்டி வழக்கறிஞர் வழியாக மனுச் செய்தார்கள். மற்றக் கிளையினருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் தம் கால் பங்கு அந்த அம்மையார் கைக்கு வந்தது. அக்கரையில் இருப்போரின் பங்கு அப்படியே நிற்கிறது. எஞ்சிய நிலம் விற்கப்படவில்லை. சென்ற ஆண்டும் சம்பா அறுத்தார்கள்.

கருவூலத்தில் கட்டப்பட்ட வைப்பு, மூன்று முழுக் கணக்காண்டுகள் கேட்பாரின்றி இருந்தால், மார்ச்சு மாத முடிவில் ‘காலாவதியான வைப்பு’ என்று அரசின் வரவில் எழுதப்படும் என்பது பொது விதி. ‘காலாவதி’ என்னும் சொல்லைக் கண்டு பலர் மனுவைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சொல்லையே மாற்றவேண்டும். காலாவதியாவது கணக்குத் தலைப்பேயன்றி உரிமை அன்று. உரிமை மெய்ப்பிக்கப்பட்டால் மாநிலக் கணக்காயரின் ஒப்புதல் பெற்று அதைத் திருப்பித் தருவதற்கு வழி உண்டு. தீர்வமே கையில் இல்லாதவர், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

இனி வங்கிப் பணம். அமெரிக்காவில் கேட்பாரற்ற வங்கிக் கணக்குகளையும் மாநில அரசுகளே வாங்கி வைத்துக்கொள்கின்றன. இங்கே அவ்வாறில்லை. பத்தாண்டுகள் இயக்கப்படாத கணக்கின் பணம், ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. 2024 மார்ச்சு முடிவில் அந்த நிதியில் நின்ற தொகை 78,213 கோடி ரூபாய். இதையெல்லாம் செல்வந்தர் பணம் என்று எண்ணவேண்டா. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்ட உழவருக்கும் பணம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. அவர் மறைந்தபின், வீட்டார் அறியாத புத்தகத்தில் ஒரு போகத்துப் பணம் தங்கிவிடுகிறது.

தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்னும் இணையவாயிலைத் திறந்தது. கட்டணம் ஏதும் இல்லை. கணக்கு வைத்திருந்தவர் பெயரோடு பிறந்த தேதி, வாக்காளர் அட்டை எண் போன்ற ஓர் அடையாளத்தைத் தரவேண்டும். அவை கிடையாவிடில் முகவரியைத் தரலாம். அது பணம் எங்கே இருக்கிறது என்று காட்டுமேயன்றிக் கொடுக்காது. அந்தந்த வங்கியில்தான் கோரவேண்டும். வங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்து வைப்புகள் இந்த ஏற்பாட்டில் அடங்கா. சங்கத்திலேயே நேரில் கேட்கவேண்டும்.

தேடுங்கால் நம்மவர்க்கு நேரும் பெரிய இடையூறு எழுத்து. ராமசாமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘டபிள்யூ’ சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. ‘ஒய்’ என்று முடிப்பவரும் ‘ஐ’ என்று முடிப்பவரும் உண்டு. அழகப்பனின் ழகரத்துக்கு இரண்டு மூன்று உருவங்கள். ஊர் எழுத்தையும் தந்தை எழுத்தையும் முன்னே வைத்த பெரியவர், வேறோர் இடத்தில் ஊர் எழுத்தை விட்டிருப்பார். ஆகையால் ஒரு பெயரை நான்கு விதமாக எழுதிப் பார்த்தே தீரவேண்டும். முகவரியும் அப்படியே. நாகப்பட்டினம் 1991இலும் திருவாரூர் 1997இலும் தனி மாவட்டங்கள் ஆயின; மயிலாடுதுறை 2020இல் பிரிந்தது. எனவே 1985இல் கணக்குத் தொடங்கிய மன்னார்குடிக்காரர் தஞ்சாவூர் மாவட்டத்தவராகவே பதிவாகியிருப்பார். ஊரின் பெயரும் ‘டாஞ்சூர்’ என்று இருக்கக்கூடும்.

வங்கியின் பெயரும் மாறியிருக்கலாம். ‘தஞ்சாவூர் வங்கி’ என்று அச்சிட்ட புத்தகம் பெட்டியில் அகப்பட்டால், அந்த வங்கியே இல்லையே என்று கைவிடவேண்டா. அது 1990இல் இந்தியன் வங்கியோடு இணைந்தது; கேட்கவேண்டிய இடம் அதுவே. 1904இல் தோன்றிய கும்பகோணம் வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. லட்சுமி விலாஸ் வங்கி 2020இல் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது.

பங்கு கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று தொலைபேசியில் அழைப்போரும் இப்போது பெருகியுள்ளனர். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை அவர்களிடம் சொல்லிவிட்டால், இருக்கும் பணமும் போய்விடும்.

மலேசியாவுக்குப் போன உறவினர் வழிப் பணம் இருக்கும் என்று கருதுவோருக்கு ஒரு செய்தி: அந்த நாட்டில் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பாரற்ற பணத்துக்கென்றே பதிவாளர் ஒருவர் உண்டு, இணையத்தில் தேடவும் இயலும்.

நிலப் பணமும் வங்கிப் பணமும் காத்திருக்கும் என்றேன். எல்லாப் பணமும் அவ்வாறு காத்திராது. ஆயுள் காப்பீட்டில் பத்தாண்டுகள் கோரப்படாத தொகையும், அஞ்சலகச் சேமிப்பில் நெடுங்காலம் கேட்கப்படாத தொகையும் மூத்த குடிமக்கள் நலநிதிக்குப் போகின்றன. அங்கே போய் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கோரினால் கிடைக்கும். அதன்பின் மத்திய அரசையே சேரும். ஆகவே தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறப்பவர், முதலில் பாலிசித் தாளையும் அஞ்சலகப் புத்தகத்தையும் எடுத்துத் தேதியைப் பார்க்கட்டும். வங்கிப் புத்தகத்தை அடுத்தபடியாகப் பார்த்துக்கொள்ளலாம்.