வேலியும் கிணறும் கடவுச்சொல்லும்: வீட்டு இணைய வலையின் காவல் பற்றிச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்து வேலி பெரும்பாலும் அடைப்பின் சின்னமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. ஆயின் பருத்தித்துறையிலும் வடமராட்சியின் பிற ஊர்களிலும் கிடுகு வேலியோடு வாழ்ந்தோர் அறிவர்: வேலிக்குப் படலை உண்டு, உறவினர் வளவுக்குப் போய்வரப் பொட்டும் உண்டு. எவரை மறிப்பது, எவருக்குப் பொட்டு விடுவது என்பதை ஓலையும் கதியாலும் தீர்மானிக்கவில்லை; சமூக உறவுகளே தீர்மானித்தன. வேலிகள் பெருமளவு மதில்களாகிவிட்ட இன்றைய ஒழுங்கைகளில், வைஃபை ரூட்டரின் வருகையோடு அதே பிரச்சினை வேறொரு வடிவில் எழுகின்றது. வீட்டு இணைய இணைப்பை வேண்டாதவர் பயன்படுத்தாது தடுப்பது எவ்வாறு? வேண்டாதவர் என்போர் யாவர்?

முதல் வினா தொழில்நுட்பஞ் சார்ந்தது. ரூட்டர் வெளிவிடும் வானொலி அலை மதிலில் நலிவுறுமேயன்றி நின்றுவிடாது. ஒழுங்கையில் நிற்பவரின் கைத்தொலைபேசிக்கும் அது எட்டும். எனவே இங்கு எல்லையாக அமைவது மறைகுறியாக்கமே. 1997இல் வகுக்கப்பட்ட ‘வெப்’ என்னும் முதல் முறையின் அடிப்படைக் குறைபாட்டை ஃபுளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர் 2001இல் நிறுவினர். அதன் பின் 2003இல் டபிள்யு.பி.ஏ., 2004இல் டபிள்யு.பி.ஏ.2, 2018இல் டபிள்யு.பி.ஏ.3 என்பன வந்தன. பின்னைய இரண்டில் ஒன்றையே ரூட்டரில் தெரிவு செய்தல் வேண்டும்.

டபிள்யு.பி.ஏ.2 முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 வரையான எழுத்துக்களைக் கொண்டிருக்கலாம். நீளம் ஏன் முக்கியமானது? நம் கருவியொன்று ரூட்டருடன் இணையும் கணத்தில் நிகழும் பரிமாற்றத்தை அயலில் இருப்பவர் பதிவு செய்துகொண்டு, பின்னர் தம் வீட்டில் ஆறுதலாக இருந்து ஊகங்களைப் பரீட்சித்துப் பார்க்கலாம். நம்மவரிடையே கைத்தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக இடும் வழக்கம் உண்டு. இலங்கையின் கைத்தொலைபேசி இலக்கங்கள் 07 எனத் தொடங்குவதால் எஞ்சுவன எட்டு இலக்கங்களே. ஊகங்கள் கூடியது பத்துக் கோடி. இன்றைய வரைகலைச் செயலி கொண்ட கணினிக்கு இது நிமிடங்களில் முடியும் வேலை. தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துக்களில் கோத்து எழுதுவது இதனினும் பன்மடங்கு உறுதியானது. டபிள்யு.பி.ஏ.3 முறையிலோ ஒவ்வோர் ஊகத்துக்கும் ரூட்டரையே அணுக வேண்டியிருப்பதால் இத்தாக்குதல் பயனற்றுப் போகின்றது.

எளிதாக இணைவதற்கென அமைந்த டபிள்யு.பி.எஸ். வசதியை நிறுத்திவிடல் வேண்டும். அதன் எட்டிலக்கக் குறியீட்டை இரு பாதிகளாகப் பிரித்துச் சோதித்தால் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011இல் வெளியாயிற்று. ரூட்டரின் நிருவாகப் பக்கத்துக்குத் தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். வலையின் பெயரை மறைத்தல், கருவிகளின் முகவரிகளைப் பட்டியலிட்டு அனுமதித்தல் ஆகியன ஒருவகை நூல்கட்டுதலே. மறைத்த பெயரையும் அனுமதி பெற்ற முகவரியையும் காற்றிலிருந்தே அறியலாம். முகவரியைப் போலி செய்யவும் கூடும்.

எனினும் எமது அவதானத்தில், இவ்வடைப்பு கணிதத்தால் உடைவதைக் காட்டிலும் உறவால் உடைவதே அதிகம். கலியாண வீட்டுக்கு வந்த மருமகனுக்குச் சொன்ன கடவுச்சொல் அவன் நண்பர் வழியாக ஒழுங்கை முழுவதும் பரவும். அதனை மாற்றினாலன்றிப் பழைய கருவிகள் விலகா.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். எமது காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுவதுண்டு. தண்ணீர் பங்குடைமையாய் இருந்தது. ஆனால் அப்பங்குக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர், கிணற்றில் தாமே அள்ள உரிமையின்றி, பிறர் வார்க்கும்வரை காத்து நின்றனர். கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவல் இப்பிரச்சினையையே பொருளாகக் கொண்டது. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் பின்னரும் போராடியே உரிமைகள் பெறப்பட்டன. அன்று விலக்கலுக்குக் கூறப்பட்ட நியாயம் ‘தூய்மை’. இன்று ‘பாதுகாப்பு’ என்ற சொல் வரும்போதும், அதற்குள் எதனை வைத்துப் பேசுகின்றோம் என நாம் கேட்டேயாக வேண்டும்.

இதனால் வலையைத் திறந்து விடுவதே முற்போக்கு என்று கொள்வது வெறும் உணர்ச்சிவாதம். வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் புறத்தே ஒரே முகவரியாகவே தோன்றும். அயலவர் ஒருவர் எழுதியதற்கும் பார்த்ததற்கும் முதலில் விசாரிக்கப்படுபவர் இணைப்பின் சொந்தக்காரரே. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் கண்ட நாட்டில், அதிலும் வடக்கில், இவ்வச்சத்தை அற்பமெனத் தள்ள முடியாது. அனுமதியற்ற அணுகலை 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியுள்ளது என்பதும் உண்மையே. ஆனால் வழக்காடிப் பெறும் பாதுகாப்பு ஒழுங்கை உறவுக்கு உதவாது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, இணைப்பில்லாத வீட்டுப் பிள்ளை அயலவர் தயவிலேயே தங்க நேர்ந்தது. இணைப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே விற்கப்படும் பண்டமாயிருக்கும் வரை இந்நிலை மாறாது. இவ்விடத்தில் பல ரூட்டர்களில் ஏலவே உள்ள, பலர் தொட்டும் பாராத, ‘விருந்தினர் வலை’ கவனத்துக்குரியது. தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் உடைய அவ்வலையில் இணைபவர் வீட்டுக் கணினியையோ அச்சுப்பொறியையோ அணுகார். வேகத்துக்கு வரம்பிடவும் சிலவற்றில் முடியும். புறத்தே தோன்றும் முகவரி அப்போதும் ஒன்றே. ஆகையால் அதனைப் பெயர் தெரிந்தவர்க்கே வழங்குதல் தகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சை முடியும்வரை அக்கடவுச்சொல்லைக் கொடுத்து, தவணை முடிவில் மாற்றி, அடுத்த தவணைக்குப் புதியதைப் படலையடியில் நின்றே சொல்லிவிடலாம்.